கதவின் விலை

சமையலறை மேசையில் இரண்டு விலைப்பட்டியல்.
இடது கைப்பக்கம் பிரெய்ரி ரோஸ், உதவியோடு வாழும் இல்லம்.
வலது கைப்பக்கம் லான்டர்ன் ஹவுஸ், நினைவு தப்பியவர்களுக்கு.
இரண்டு அட்டையிலும் அதே வெள்ளைமுடிக்காரி
அதே பூச்சாடிக்குப் பக்கத்தில் சிரிக்கிறாள்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
மைனாட் நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க
நான் பென்சில் சீவுகிறேன்.

இடது: அறைக்கு ஐயாயிரத்து நூற்றைம்பது.
பரவாயில்லையே என்று நிமிர்வதற்குள்
அடியில் பொடி எழுத்து.
மாத்திரை எடுத்துக் கொடுக்க நானூற்றுப் பத்து.
குளிக்கையில் ஒருவர் கூட நிற்க அறுநூறு.
அவள் எங்கே என்று காட்டிக்கொடுக்கும்
மணிக்கட்டுப் பட்டைக்குத் தொண்ணூற்றைந்து.
அவள் மறக்க மறக்க
இங்கே வரி கூடும்.

வலது: எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து நானூற்றெண்பது.
எல்லாம் என்றால்?
ஷெல்பி என்ற அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்:
"கதவு பூட்டியே இருக்கும், மிஸ்டர் ட்வெய்ட்."

கழித்துப் பார்த்தேன்.
ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து டாலர்,
மாதா மாதம்,
ஒரு கதவுக்கு.

நிலம் இருக்கிறது, நூற்றறுபது ஏக்கர்.
ஒரு வருடம் கோதுமை, ஒரு வருடம் கனோலா,
இப்போது குத்தகையில்.
ஏக்கர் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போகுமாம்.
மாதத்துக்கு இரண்டரை ஏக்கர், கொஞ்சம் கூடவே.
மார்ச்சில் வடக்கு மேடு.
ஏப்ரலில் டிராக்டர் புதைந்த அந்தப் பள்ளம்.
ஓடைக்கரை மே மாதத்துக்கு.
அறுபத்திரண்டு மாதத்தில் மண் தீரும்.
எது முதலில் தீரும் என்று
ஒரு நிமிடம் நினைத்தேன்.
அதை டூசானில் இருக்கும் மகளிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை இடத்தைப் பார்க்கப் போயிருந்தோம்.
கதவருகே எண்பலகை.
அதற்கு மேலே, திறக்கும் நான்கு எண்கள்
தலைகீழாக ஒட்டியிருந்தன.
வந்து போகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துப் படித்துவிடுவார்கள்,
உள்ளே இருப்பவர்களுக்கு அது வராது,
என்றாள் ஷெல்பி.

ஆர்டிஸ் முப்பத்தோரு வருடம் வங்கிக் கவுண்டரில் இருந்தவள்.
எதிரே நின்றவர்கள் தள்ளிய சீட்டையெல்லாம்
அவர்கள் பக்கம் திருப்பி வைத்தபடியே படித்தவள்.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஏமாறாத கண்.

திருப்பித் தராத முன்பணம் மூவாயிரத்தைப் பற்றி
நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது
பீப் என்றது.
கம்பளிச் சட்டையோடு பனியில்,
யாருடையதோ ஒரு பிக்கப்பின் கைப்பிடியைப் பிடித்தபடி
என் பெண்டாட்டி,
நேரமாகிவிட்டது என்ற முகத்தோடு.

"இதற்குத் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டேன்.
ஷெல்பி சிரிக்கவில்லை.
நாளைக்கே எண்ணை மாற்றிவிடுவோம் என்றாள்.
காரில் ஹீட்டர் சூடாகும்வரை
நான்தான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்,
கண்ணாடி உள்பக்கம் உறையும்வரை.

இப்போது அவள் எதிர் நாற்காலியில்.
என் பெயர் மூன்று வாரமாக வரவில்லை.
தலைகீழாகத் தெரியும் என் கணக்கில்
நகத்தை வைக்கிறாள்.
கழித்தலில் ஒன்று கடன் வாங்க மறந்திருக்கிறேன்.
திருத்துகிறேன்.
"இவ்வளவையும் எடுக்கிறீர்களா, சார்?"
ஆமாம் என்கிறேன்.
"பெரிய நோட்டா, சில்லறையாகவா?"
பெரியதாகவே.

இரண்டு பட்டியலையும் இழுத்து,
கிளிப்பைக் கழற்றி,
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
ஒவ்வொரு தாளாக என் முன்னே வைக்கிறாள்,
சிரிக்கிற முகமெல்லாம் என்னைப் பார்த்தபடி.
பதினொன்று, பன்னிரண்டு,
பதிமூன்று, பதினான்கு.

"ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கவுண்டரை விட்டுப் போனபிறகு
குறைகிறது என்று வரக்கூடாது."